பன்னிரண்டு நாமம் சொல்லும் நேரம்

இன்று காலை பக்கத்து மனையில் புது வீட்டுக்குப் பூசை போட்டார்கள். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும் தட்டை வாசற்படியிலேயே வைத்துவிட்டு எல்லாரும் நாஷ்டாவுக்குப் போய்விட்டார்கள். கற்பூரம் எரிந்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அணைந்து, கரியும் கசப்புமாக ஒரு புகை சுவரைத் தாண்டி வந்தபோதுதான், கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இருந்தும் கழுத்து தானாகத் திரும்பியது. உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், வாய் அசைகிறதா என்று பார்க்க வேண்டும் என்று உடம்பு பதறியது. நீங்கள் இல்லை என்பதை அந்தப் பயத்துக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொண்ட விஷயங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று நான் செய்தது. இன்னொன்று எனக்குத் தெரிந்துபோனது.

கவரைப்பேட்டை ரைஸ் மில்லில் உங்கள் மூக்குக்கு இருந்த மரியாதை முதலாளியின் காருக்குக்கூடக் கிடையாது. ஊறின நெல்லைத் தொட்டியில் போட்டு ஆவி விட்டால், எப்போது நிறுத்த வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மற்ற மில்களில் மேஸ்திரி நெல்லைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்ப்பார். நீங்கள் தொட்டிக்கு நாலடி தள்ளி நின்று, கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்து, "ஆச்சு, நிறுத்துடா" என்பீர்கள். பாய்லருக்கு உமி தள்ளும் ஏசுதாஸ் அந்தக் குரலுக்குத்தான் காத்திருப்பார். ஒரு நாளும் அரிசி உடைந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். செருப்பைக் கழற்றும்போதே, "இன்னாமே, ரசத்துல பெருங்காயம் போட மறந்துட்டியா?" என்று கேட்பீர்கள். மறந்துதான் போயிருப்பேன். பக்கத்து வீட்டு ராஜம்மா, "உங்க ஊட்டுக்காரரு மூக்க மில்லுக்கு வாடகைக்கு வுட்டுட்டு, மிச்ச ஆளுதான் ஊட்டுக்கு வர்றாரு" என்று சிரிப்பாள்.

அந்த மூக்கை நம்பித்தான் நான் கெட்டேன்.

ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று ஊரெல்லாம் படியரிசிப் பேச்சாக இருந்த காலம். நம் செல்வி ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். புரட்டாசி முதல் சனிக்கிழமை காலை, நீங்கள் கண்ணாடி முன் நின்று நாமம் இட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு பக்கக் கோடு போட்டாயிற்று, மறு பக்கம் போடவில்லை. கை அப்படியே நின்றது.

"கற்பூரம் ஏத்துனியாமே?"

"இல்லியே. இப்பத்தான் வெளக்கு தொடச்சிக்கினு கீறேன்."

"அணைஞ்ச வாசனை வருதுமே. கும்முனு வருது."

அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை. கண் எங்கோ தூரத்தில் நின்றது. வாய் மெதுவாக, துளசியை மெல்லுவதுபோல் அசைந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேசவா, நாராயணா, மாதவா என்று சொன்னேன். மாதவா சொல்லி முடிக்கும்போது நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள். "இன்னாமே அப்டி பாக்குற?" என்று கேட்டுவிட்டு மறு பக்கக் கோட்டைப் போட்டீர்கள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். உங்கள் மூக்கு பொய் சொல்லாது. வீட்டில் கற்பூரம் இல்லை, ஆனால் வாசனை இருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமை. வாய் தீர்த்தம் வாங்கினதுபோல் அசைகிறது. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? திருவள்ளூரில் படுத்திருக்கும் பெருமாள் எழுந்து, நம் இரண்டு அறை வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறார் என்று நிச்சயம் செய்துகொண்டேன்.

அடுத்த வாரமும் வந்தது. பத்து நாள் கழித்து மறுபடியும். எந்தத் திதியில் வருகிறார் என்று தெரிந்தால் முன்னாலேயே கோலம் போட்டு வைக்கலாமே என்று எழுத ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் போகாதவள் நான். மில் காலண்டரையும் மளிகை மடித்து வந்த காகிதத்தையும் வைத்து நானே எழுத்துக் கூட்டிப் படித்தவள் என்பதால், எழுதிவைத்தது எதுவும் தப்பாகாது என்று ஒரு நம்பிக்கை. வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து தேதி, திதி, வேளை எழுதினேன். எவ்வளவு நேரம் என்று எழுத வீட்டில் கடிகாரம் இல்லை. இருந்த ஒன்றும் உங்கள் மணிக்கட்டில். அதனால் நாமத்தால் அளந்தேன். கேசவா முதல் தாமோதரா வரை பன்னிரண்டு. புரட்டாசியில் மூன்று, நான்கு. ஐப்பசியில் ஏழு. கார்த்திகையில் தாமோதரா வரை சொல்லிவிட்டு மறுபடி கேசவாவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பெருமாளுக்கு நம் வீட்டைவிட்டுப் போக மனசு வரவில்லை என்று நினைத்து அழுதேன், சந்தோஷத்தில்.

விஷயம் தெருவில் பரவி, சனிக்கிழமைகளில் பெண்கள் வந்து நீங்கள் உட்காரும் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ராஜம்மா மட்டும் தன் வாயை விடவில்லை. "உனக்கு வந்த யோகத்த பாரும்மா. உங்க ஊட்டுக்கு பெருமாளு வாசனை. எங்க ஊட்டு ஆளு உள்ள வந்தா பட்டச்சாராய வாசனைதான். அதுக்கும் ஒரு நோட்டு போடட்டுமா?" நீங்கள் கூச்சப்பட்டு உள்ளே போய்விடுவீர்கள். "எனக்கு இன்னா தெரியும்? வாசனை வருது, சொல்றேன். அவ்ளோதான்" என்பீர்கள்.

விடியும்போது உங்களுக்குத் தலைவலி வந்துகொண்டிருந்தது. இரண்டு முறை வெறும் வயிற்றில் வாந்தி எடுத்தீர்கள். சுக்குப் பற்றுப் போட்டேன். அதையும் எழுதினேன், ஆனால் வேறு பக்கத்தில். முதல் பக்கம் சாமிக்கு, இரண்டாவது பக்கம் உடம்புக்கு. ஒரே நோட்டு, ஒரே கை, ஒரே பேனா. இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு நாள் பார்த்திருந்தால் போதும். தலைவலியும் வாசனையும் கையைக் கோத்துக்கொண்டு வந்தது கண்ணில் பட்டிருக்கும். சாமிக் கணக்கோடு சுக்குக் கணக்கைச் சேர்ப்பது அபசாரம் என்று தோன்றியது எனக்கு.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் ஏசுதாஸ் வீட்டுக்கு வந்தார். உமித் தூசி ஒட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணி, இன்னிக்கு ஒரு தொட்டி நெல்லு மொத்தம் வெடிச்சிடுச்சு."

"அவரு இருக்கும்போதா?"

"அண்ணன் தொட்டியாண்டதான் நின்னுக்கினு இருந்தாரு. ஆச்சா அண்ணே, ஆச்சா அண்ணேன்னு நாலு வாட்டி கேட்டேன். வாய மென்னுக்கினு, சட்ட பட்டன திருகிக்கினு கீறாரு. கண்ணு என்மேலதான் கீது. ஆனா அண்ணன் அங்க இல்ல அண்ணி. பயந்துட்டேன். இது சாமி மாதிரி தெரியல. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம், நானும் வரேன்."

அவர் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் என் வாய் அப்படிப் பேசியது.

"உங்க வேதத்துல இல்லாட்டி எங்களுக்கும் இல்லாம போய்டுமா தம்பி? எங்க ஊட்டுக்கு எங்க சாமி வந்தா உனக்கு இன்னா பேஜாரு?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "சரி அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் நீங்கள் வந்து, "ஏசுதாஸ் இந்தப் பக்கம் வந்தானா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன்.

இதுதான் நான் சொல்லாத முதல் விஷயம். அந்த மத்தியானத்துக்கும் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் பயந்துகொண்டே விளக்கேற்றினேன். பயம் கூடினால் இன்னொரு திரி போட்டேன்.

தை அமாவாசைக்குப் பெரியபாளையம் வழியாகப் பஸ் ஏறி, திருவள்ளூருக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன். நன்றி சொல்ல என்று உங்களிடம் சொன்னேன். பெருமாளே, வந்தது போதும், இனி வர வேண்டாம் என்று கேட்கத்தான் போனேன். குளத்துப் படியில் எள் விழ இடமில்லாத கூட்டம். வேண்டுதலுக்காகக் குளத்தில் கரைக்கும் வெல்லத்தை எடுத்து உங்கள் கையில் கொடுத்தேன். "கற்பூரம்..." என்றீர்கள். அதற்கு மேல் சொல் வரவில்லை. உங்கள் வாயிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமே இல்லை. அப்படியே விறைத்துப் படியில் விழுந்தீர்கள். கால் தண்ணீரில் அடித்துக்கொண்டது.

"பெருமாள் வந்துட்டாரு! கற்பூரம் காட்டுங்க!" என்று யாரோ கத்தினார்கள். கோவிந்தா, கோவிந்தா என்று நாலு பக்கமும் குரல். ஒரு அம்மாள் நிஜமாகவே கற்பூரம் ஏற்றி உங்கள் முகத்துக்கு நேரே காட்டினாள். உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் நாமம் சொன்னேன். ஒரு சுற்று. இரண்டு சுற்று. உதறல் நிற்கவில்லை. மூன்றாவது சுற்றில் எந்தப் பெயருக்குப் பிறகு எந்தப் பெயர் என்று மறந்துவிட்டது. வாயோரத்தில் ரத்தம் கசிந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். சாமி வந்தால் நாக்கைக் கடிக்கவைக்குமா?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வயதான பட்டர் வந்தார். கற்பூரத் தட்டைத் தள்ளச் சொல்லிவிட்டு உங்களை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"பெருமாளு வர்றாருன்னு..."

"இது வியாதிம்மா. பெருமாள் எங்கேயும் போயிட மாட்டார், இங்கேதான் படுத்துண்டிருப்பார். நீ மொதல்ல டாக்டரண்ட அழைச்சிண்டு போ."

கோயில்காரர் வாயிலிருந்து வந்தபிறகுதான் ஏசுதாஸ் சொன்னது என் காதில் ஏறியது.

சென்னைப் பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் படம் பிடித்தார்கள். மண்டைக்கு ஒரு படம், கழுத்து நரம்பில் மருந்து ஏற்றி இன்னொரு படம். டாக்டர் சின்ன வயசுக்காரர், தெற்கத்திப் பக்கம். எப்போது ஆரம்பித்தது, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு நேரம் என்று கேட்டார். நான் நோட்டை நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இது என்னம்மா மூணு, ஏழு, பன்னிரண்டு? நிமிஷமா?"

"இல்லீங்க. நாமம்."

"நாமமா?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, "அன்னைக்குச் சொன்ன அதே வேகத்துல இப்ப சொல்லுங்க" என்றார். அந்த வார்டு நடுவில், கட்டில்களுக்கு நடுவே நின்று, கேசவா முதல் தாமோதரா வரை சொன்னேன். அவர் கண் முள்ளின் மேலேயே இருந்தது. தாமோதரா முடிந்ததும் எதையோ எழுதிக்கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் கணக்குப் போட்டார். நான் நாலு மாதமாகப் பெருமாளுக்குச் சேர்த்து வைத்ததெல்லாம் அவர் காகிதத்தில் நொடிகளாக விழுந்தது.

"இவ்வளவு சரியா யாரும் எழுதிக்கிட்டு வந்ததில்லைம்மா" என்றார். என்னை அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

பிறகு மெதுவாகச் சொன்னார். மூளையில் வாசனை தெரிகிற இடம் என்று ஒன்று இருக்கிறதாம். வலது பக்கம், காதுக்கு உள்ளே தள்ளி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அது அந்த இடத்தை அழுத்தும்போதெல்லாம் வெளியில் இல்லாத வாசனை உள்ளே வருகிறது. நாலு மாதம் விளக்கேற்றி, கோலம் போட்டு, விழுந்து கும்பிட்டது உங்கள் தலைக்குள் வளர்ந்ததையா?

"நாலு மாசம் முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பதில் எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சாலும் இன்னைக்குச் சொல்ல மாட்டேன்."

திறந்து எடுக்க வேண்டும். எடுத்தால் பிழைக்கலாம், மேசையிலேயே போகலாம், இடது கை கால் விழலாம். எடுக்காவிட்டால் வெயில் காலத்தைத் தாண்ட மாட்டார். கையெழுத்துக்குத் தாளைக் கொடுத்தார்கள். நானே எழுத்துக் கூட்டிப் படித்த நாளிலிருந்து எதையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தத் தாளைப் படிக்கவில்லை. படித்தால் கை ஓடாது என்று தெரியும்.

நீங்கள் பயந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மண்டையை மழிக்க வந்தவரிடம், "திருப்பதிக்கு நடந்து போயி அடிக்க வேண்டிய மொட்ட. இங்கயே அடிச்சிட்ட. உண்டியல் எங்க நைனா?" என்று கேட்டீர்கள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது மட்டும் என் விரலைப் பிடித்த பிடி, கதவு வரை விடவில்லை. உங்கள் கை அவ்வளவு சில்லென்று இருந்து நான் பார்த்ததில்லை.

காலை எட்டு மணிக்கு உள்ளே போனீர்கள். மரத்தடியில் உட்கார்ந்து நாமம் சொல்ல வாயைத் திறந்தேன். கேசவா, நாராயணா, மாதவா. அங்கேயே நின்றுவிட்டது. மாதவா என்றதும் நீங்கள் கண் திறந்து, "இன்னாமே அப்டி பாக்குற" என்று கேட்க வேண்டும் என்று உடம்பு காத்திருந்தது. கேட்கவில்லை. மறுபடியும் தொடங்கினேன். மறுபடியும் அதே இடம். பெருமாள் பெயரை நான் கடிகாரமாக்கிவிட்டேன், அதனால் அவர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார் என்று தோன்றியது. சொல்வதற்கு ஒரு பெயர்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த எட்டு மணி நேரத்தைப்போலப் பயந்தது அதற்கு முன்னும் இல்லை, நீங்கள் போன அன்றும் இல்லை. மத்தியானம் ஏசுதாஸ் வந்தார். நான் கூப்பிடவில்லை. ஒரு பொட்டலம் இட்லியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி, அவர் சாமியை அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். பெரும்பாகம் எடுத்தாயிற்று என்றார். வேர்போல் உள்ளே ஓடியதைத் தொடவில்லை. அதைக் கருக்குவதற்கு வெளியிலிருந்தே கதிர் பாய்ச்சி, கரண்ட் வைப்பார்கள். "அந்த வாசனை மறுபடி வந்தா உடனே வரணும். ஆனா அம்மா, ரெண்டாவது தடவை இது மாதிரி இருக்காது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு சொல்றேன்."

வியாசர்பாடியில் என் தங்கை வீட்டில் தங்கி, ஐந்து வாரம் கரண்ட் வைத்துக்கொண்டோம். "நெல்லுக்கு ஆவி, எனக்கு கரண்டு. வெந்துச்சான்னு யாரும் மோந்து பாத்து சொல்ல மாட்டேங்குறானே" என்று வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைச் சிரிக்கவைத்தீர்கள். இடது கால் கொஞ்சம் இழுத்தது. காதுக்கு மேலே முடி முளைக்கவே இல்லை. ஆனால் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். முதலாளி உங்களைத் தொட்டிப் பக்கம் விடாமல், களத்தில் நெல் காயப்போடும் வேலையைக் கொடுத்தார். ஐந்து வருஷத்துக்கு மேல் கிடைத்தது. செல்வி பள்ளிக்கூடம் முடிக்கிற வரை.

அந்த ஐந்து வருஷமும் தினமும் காலையில், நீங்கள் செருப்பு மாட்டும்போது, நான் கேட்டேன்: "வந்துச்சா?"

"வரல" என்பீர்கள். அப்போதுதான் எனக்கு அன்றைய மூச்சு வரும். சில நாள் சாப்பிடும்போதும் கேட்டேன். பஸ்ஸில் கேட்டேன். நீங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் கேட்டேன். ஒரு முறை, "மே, வாசனைகூட வாரத்துக்கு ஒரு வாட்டிதான் வந்துச்சு. நீ மணிக்கு ஒரு வாட்டி வர்றியே" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். என்னால் நிறுத்த முடியவில்லை. உங்கள் முகத்தை முகமாக ஒரு நாளும் பார்க்கவில்லை நான். வாய் அசைகிறதா என்றே பார்த்தேன்.

ஆறாவது வருஷம் சித்திரையில் ஏசுதாஸ் மறுபடி வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"சொல்லலாமா அண்ணி?"

"உள்ள வா தம்பி."

"இங்கயே சொல்றேன். மாசி மாசத்துலேந்து அண்ணனுக்கு வருது. கற்பூரம் யாருடா ஏத்துனதுன்னு என்னாண்ட கேட்டாரு. கேட்டுட்டு அவரே சிரிச்சாரு. 'ஊட்ல மூச்சு வுடாத. அது ஏற்கெனவே தெனம் செத்து செத்து பொழைக்குது'ன்னாரு. பைபிள் மேல சத்தியம் வாங்கிக்கினாரு. மீறிட்டேன். மொத வாட்டி நான் அழுத்தி சொல்லாம திரும்பிப் போன பாவம் போதும் அண்ணி."

"அன்னிக்கு நான் பேசுனது தப்பு தம்பி."

"அதெல்லாம் நான் அன்னிக்கே மறந்துட்டேன்."

மறந்தவர் எதற்குக் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்? கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து மோர் கொடுத்தேன்.

செல்விக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அதே டாக்டர், காதோரம் நரைத்திருந்தது. மறுபடி திறந்தால் நீங்கள் எழுந்திருக்கவே மாட்டீர்கள் என்றார். மாத்திரையைக் கூட்டி எழுதிக்கொடுத்தார். "வீட்டுலயே நல்லா வெச்சுக்குங்க" என்றார். கம்பெனி மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி அந்த மாத்திரையை உங்களிடம் கொடுத்தேன். நிறத்தைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், தண்ணீர் கேட்டு வாங்கி விழுங்கினீர்கள்.

அந்த வாரம்தான் சாப்பாட்டு அடுக்கை எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்தேன். பரப்பின நெல்லைக் காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டு நடந்துகொண்டிருந்தீர்கள். இழுக்கிற கால் போட்ட கோடு கொஞ்சம் கோணல். நடுக் களத்தில் நின்றீர்கள். தலை குனிந்திருந்தது. வாய் அசைய ஆரம்பித்தது. வெயிலில் அவ்வளவு பெரிய வெளியில், நிழல்கூட இல்லாமல், நீங்கள் மட்டும். நான் எண்ணக் கூடாது என்று நினைத்தேன். எண்ணினேன். தாமோதரா தாண்டி மறுபடி ஸ்ரீதரா வரை வந்தபோது நீங்கள் நடந்தீர்கள். ஆனால் அடுத்த கோட்டுக்குப் போகவில்லை. நடந்த கோட்டிலேயே மறுபடி நடந்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினீர்கள்.

"இன்னா கொழம்புமே?"

"கத்திரிக்கா."

இரண்டு பேரும் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கத்திரிக்காய் வெந்தது போதாது என்றீர்கள்.

மறுநாள் காலை நான் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் பொய் சொல்ல வேண்டும். உங்களைத் தினம் காலையில் பொய் சொல்லவைத்துத்தான் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன் என்று களத்தில் நின்றபோது புரிந்திருந்தது. நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றீர்கள். துண்டை உதறினீர்கள். மறுபடி தோளில் போட்டீர்கள்.

"இன்னாமே, இன்னிக்கு கேக்கலியா?"

"இன்னாத்த கேக்கணும்?"

"ஒண்ணுமில்ல."

மில் சங்கு ஊதியது. நீங்கள் இறங்கிப் போனீர்கள். கேட் வரை போய்விட்டு, கொக்கியைப் பிடித்துக்கொண்டு திரும்பினீர்கள்.

"வரல" என்றீர்கள்.

நான் கேட்காமலே சொன்னீர்கள். என் மூச்சு எங்கே மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்து, அதை எடுத்துவிடத் திரும்பி வந்தீர்கள். எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்ததா? இன்றைக்கும் அதுதான் எனக்குத் தெரியாதது. தெரியும் என்று நான் அன்றே சொல்லியிருந்தால், அந்த வாசனை வரும்போது நீங்கள் தனியாக நின்றிருக்க மாட்டீர்களோ என்னவோ. அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை.

"சரி" என்றேன்.

நீங்கள் படுக்கையில் விழுந்த ஆடி மாதம் வரை தினமும் அப்படித்தான். நான் கேட்கவில்லை, நீங்கள் கேட்டிலிருந்து சொன்னீர்கள், நான் சரி என்றேன்.

மில்லை இப்போது வேறு யாரோ வாங்கி நடத்துகிறார்கள். சங்கு மட்டும் அதே சங்கு. அது ஊதும்போது அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன். கேட்டில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே வருகிறேன். அதற்குப் பிறகுதான் அன்றைய வேலை ஓடுகிறது.